சொல்லலையக்கா

ஆஸ்பத்திரியின் முன்பக்கம் பளபளவென்று இருக்கும். பின்பக்கம் போனால்தான் வண்டவாளம் தெரியும். சமையல்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில், எந்நேரமும் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும் நீளமான கட்டடம்தான் சலவைக்கூடம். பிறந்த குழந்தையைச் சுற்றிய துணியும் போய்ச்சேர்ந்தவரைப் போர்த்திய துணியும் ஒரே தள்ளுவண்டியில் வந்து இறங்கும். ரத்தம் பட்டதைத் தனியே பிரித்துப் பச்சைத்தண்ணீரில் போட வேண்டும். அவசரப்பட்டு வெந்நீரில் முக்கினால் கறை துணியோடு உறவு கொண்டாடிவிடும். மடிப்புக்குள் மூக்குக்கண்ணாடி இருக்கும், பல்செட்டு இருக்கும், கையைக் குத்த ஊசியும் இருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் உதறிப் பார்க்க வேண்டும். இந்த உதறலிலேயே வாழ்க்கையின் பெரும்பாதியைக் கழித்தவள் சொல்லலையக்கா.

பெற்றவர்கள் வேதப்புத்தகத்தைப் புரட்டித் தேடி வைத்த நல்ல பேர் ஒன்று அவளுக்கு உண்டு. சம்பளப் பட்டியலில் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. மற்றபடி வாட்ச்மேன் முதல் பெரிய நர்ஸ் வரை எல்லாருக்கும் அவள் சொல்லலையக்காதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், அதுதான் அசல் பேர் என்று நினைத்து மரியாதையாக ‘அம்மா’ சேர்த்து, ‘சொல்லலையம்மா’ என்று கூப்பிட்டதும் உண்டு.

அந்தப் பேர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் போகும் ஜெபக்கூடம் ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே ரப்பர் வாடை கூடவே வரும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், காற்றைவிடச் சத்தத்தை அதிகம் கொடுக்கும் மின்விசிறி. வாராந்தரக் கூட்டம் முடியும் சமயத்தில் போதகர் வரிசை வரிசையாக வந்து, ஒவ்வொருவரிடமும் மைக்கை நீட்டி, “இந்த வாரம் கர்த்தர் உங்களோட என்ன பேசினார்?” என்று கேட்பார். அந்தச் சபையில் கர்த்தருக்கு வாய் ஓய்ந்ததே கிடையாது. ஒருவருக்கு எந்தக் கம்பெனி மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று சொல்லியிருப்பார். இன்னொருவருக்கு வீட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று சொல்லியிருப்பார். அண்டசராசரத்தைப் படைத்தவர் பெயின்ட் கடையில் கையாளாக நிற்கிறாரோ என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு.

சொல்லலையக்கா அங்கே வந்து சேர்ந்தது இளம் வயதில். பட்ட காலிலேதான் படும் என்பார்கள். பிறந்த குழந்தை ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அதற்குப் பிறகு, வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய புருஷன், போனவன் போனவன்தான். அந்த நாட்களில் ஒருநாள், சலவைத்தொட்டியில் குனிந்து துணி அலசிக்கொண்டிருந்தவளுக்கு, இந்தத் தண்ணீரிலேயே தலையை அழுத்திக்கொண்டால் என்ன என்று தோன்றியது. அப்போது கேட்டது. காதிலா, நெஞ்சிலா, அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரே ஒரு சொல்.

“இரு.”

அவ்வளவுதான். அவள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடி குனிந்து மிச்சத் துணியை அலசி முடித்தாள்.

அந்த வாரம் மைக் தன்னிடம் வந்தபோது, வெள்ளந்தியாக அதைச் சொல்லிவிட்டாள். “எனக்கு ‘இரு’ன்னு சொன்னாருங்க.”

போதகருக்கு மகிழ்ச்சி. நல்ல மனிதர், பிறருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று உண்மையிலேயே துடிக்கிறவர். ஆனால் எதையும் ஊதிப் பெரிதாக்காமல் விடமாட்டார். “அல்லேலூயா! இரு என்றால் என்ன? உனக்கு வீடு இருக்கும்! வாகனம் இருக்கும்! இல்லை என்கிற சொல்லே இனி உன் வீட்டில் இருக்காது!” என்று முழங்கினார்.

“இல்லைங்க ஐயா. ‘இரு’ன்னு மட்டும்தான் சொன்னார். ‘இருக்கும்’னு சொல்லலை.”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “பஸ் வந்துட்டிருக்கு, இருன்னு சொல்லியிருப்பாரு!” என்றார். கூடமே சிரித்தது. போதகரும் சிரித்துவிட்டார். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இருக்கிற ஒரே முத்தையும் சந்தையில் கொட்டிவிட்டோமே என்றிருந்தது. அடுத்த வாரம் மைக் வந்தபோது, “ஒண்ணும் சொல்லலைங்க” என்றாள். அதற்கு அடுத்த வாரமும் அதே பதில். பொய்யல்ல, உண்மையாகவே ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை அவளிடம் கர்த்தர் பேசவில்லை.

அவள் பக்கத்து நாற்காலியில் எப்போதும் உட்கார்ந்திருந்தவள் அவளுடைய தங்கை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். கத்தரிக்கோலைவிட நாக்கு கூர்மை. “சொல்லலையக்கா!” என்று முதலில் கூப்பிட்டுச் சிரித்தவள் அவள்தான். அதோடு விட்டாளா? ஒருநாள் அக்காவுக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்கச் சலவைக்கூடத்துக்கு வந்தவள், அங்கே துணி மடிக்கிறவளிடம் கதையை முழுசாக ஒப்பித்துவிட்டுப் போனாள். கேட்கவா வேண்டும்? ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

மடிப்புக்காரிக்குச் சாமி பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. விரிப்பின் இரண்டு முனைகளை அவள் பிடிக்க, மற்ற இரண்டை இவள் பிடிக்க, எதிரும் புதிருமாக நடந்துவந்து மடிப்பார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு கிண்டல். “அக்கா, இன்னைக்கு பாய்லர் ஓடுமா? கேட்டுச் சொல்லேன்.” “மழை வருமான்னு சொன்னாரா?” “உன் சாமி ஊமையா?”

“ஊமை இல்லை. கம்மியாப் பேசுவார்” என்பாள் இவள்.

“கம்மியாப் பேசுற ஆம்பளையை நம்பித்தான் என் வாழ்க்கையும் போச்சு” என்பாள் மடிப்புக்காரி. இருவரும் சிரித்துவிடுவார்கள். அந்தக் கிண்டலில் விஷம் இல்லை என்பது இவளுக்குத் தெரியும். என்றாலும் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் உரசினால் செருப்புக்கூடக் கடிக்கத்தான் செய்யும்.

களைப்பாக இருந்தது அவளுக்கு. முட்டி வலி, ஆவியில் வெந்துபோன கை, இதெல்லாம் ஒரு களைப்பு. பேசாத ஒருவரோடு விடாமல் பேசிக்கொண்டிருப்பது வேறொரு களைப்பு. துணியைத் தேய்த்துத் தரும் சூடான ரோலருக்குள் விரிப்பைக் கொடுத்துக்கொண்டே முணுமுணுப்பாள். “எல்லார் வீட்டுக்கும் போய்ப் பேசுறீரே ஆண்டவரே. என் வீட்டு வாசப்படி மட்டும் உமக்கு உசரமா இருக்கா? நான் என்ன மோட்டார் சைக்கிளா கேட்டேன்?” பதில் வராது. விரிப்பு மட்டும் அந்தப் பக்கம் சூடாக வந்து விழும்.

வீட்டில் விரல் வைத்து எழுத்துக்கூட்டி வேதம் வாசிப்பாள். அதில் சங்கீதப் பகுதியை வாசித்தால் மனசு ஆறும் என்று எல்லாரும் சொல்வார்கள். அவளுக்கு ஆறியது தீர்க்கதரிசிகளிடம்தான். அவர்களில் ஒருவராவது சந்தோஷமாக வேலைக்குப் போனதாகத் தெரியவில்லை. ஒருவன் கப்பலேறி ஓடினான். ஒருவன் செடிக்கடியில் படுத்துக்கொண்டு, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றான். ஊர் முழுக்கச் சிரித்த ஆள் எரேமியா. அவனை நினைத்தால் அவளுக்குக் கூடப்பிறந்தவனை நினைக்கிற மாதிரி இருக்கும்.

அவன் கழுத்தில் மாட்டுக்குப் பூட்டுகிற நுகத்தை மாட்டிக்கொண்டு தெருவில் திரிந்தான். அந்நிய ராஜாவுக்கு அடங்கிக் கிடக்கும் கஷ்டம் இன்னும் தீரவில்லை, தலையைக் கொடுத்துப் பொறுத்திருங்கள் என்பதற்கு அடையாளம் அது. அப்போது அனனியா என்று ஒருவன் வந்தான். கர்த்தர் சொன்னார், இன்னும் இரண்டே வருஷத்தில் போனதெல்லாம் திரும்ப வந்துவிடும் என்று கூட்டத்துக்கு நடுவில் முழங்கினான். எரேமியா சண்டை பிடிக்கவில்லை. ஆமென், அப்படியே ஆகட்டும், ஆனால் நடந்தால்தான் தெரியும் என்றான். அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி எல்லார் கண்முன்னும் உடைத்தான். இப்போது எரேமியா இடிபோல ஏதாவது சொல்வான் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அவன் ஒன்றும் பேசாமல் நடையைக் கட்டிவிட்டான். அனனியா சொன்னது பொய் என்கிற பதில் வார்த்தை அவனுக்குப் பிற்பாடுதான் வந்தது. அந்த நேரத்தில் அவன் கையில் ஒன்றும் இல்லை. இல்லாததை இருப்பதாகக் காட்ட அவனுக்குத் தெரியவில்லை.

அவன் வீட்டுக்கு நடந்துபோன அந்தத் தெருவைப் பற்றி அவள் அடிக்கடி நினைப்பாள். முதுகுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கும். கழுத்தில் மரம் உராய்ந்த புண் இருந்திருக்கும், மரம் இருந்திருக்காது. வீட்டுக்குப் போய் என்ன செய்திருப்பான்? கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தங்கைக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. கண் மஞ்சளாயிற்று. ஈரல் என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். அக்கா வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரியில், மாடியில் பெண்கள் வார்டில் ஓரத்துக் கட்டிலில் சேர்த்தார்கள். அந்த வார்டு முத்திரை குத்திய விரிப்பு தள்ளுவண்டியில் வந்தால் சொல்லலையக்காவின் கை ஒரு கணம் நின்றுவிடும். திரும்ப மேலே அனுப்பும்போது ஒட்டுப் போடாததாக, பலமுறை துவைத்துப் பூப்போல ஆனதாக ஒன்றைப் பொறுக்கி அடுக்கின் மேலே வைத்து, “ஓரத்துக் கட்டிலுக்கு” என்று வார்டு ஆயாவிடம் சொல்லி அனுப்புவாள்.

போதகர் தினமும் வந்தார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து, கட்டிலருகே முழங்காலில் நின்று கண்ணீர் விட்டு ஜெபித்தார். அதில் நடிப்பே இல்லை. ஒருநாள் எழுந்து, “கர்த்தர் எனக்குச் சொல்லிட்டார். இவ சாகமாட்டா. எழுந்து நடப்பா, பேரப்பிள்ளையைக் கையில தூக்குவா” என்றார். தங்கையின் மகள் அப்போது வெளியூரில் மாசமாக இருந்தாள். உடனே சபையில் மற்றவர்களுக்கும் அதே செய்தி வந்துவிட்டது. ஒருவர் கனவில் கண்டார், ஒருவருக்கு வசனம் கிடைத்தது. அன்றுமுதல் கட்டிலைச் சுற்றி நின்று எல்லாரும் ஒரே வாயாக, கர்த்தர் சொல்லிவிட்டார் என்று அறிக்கையிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எதிர்ப்பேச்சு ஒரு சொல்கூட அந்தக் கட்டிலண்டை விழக்கூடாது.

சொல்லலையக்காவின் முறை வந்தது. “ஆமென், அப்படியே ஆகட்டும்” என்றாள் முழு மனதோடு.

“அது வேண்டுதல்மா” என்றார் போதகர். “நான் கேட்கிறது அறிக்கை. கர்த்தர் சொன்னார்னு சொல்லுங்க.”

“எனக்குச் சொல்லலைங்களே ஐயா.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பழக்க தோஷம். ஆனால் இந்த முறை அந்தச் சிரிப்பு நீளவில்லை. வெளியே வராந்தாவில் முணுமுணுப்பாக மாறிற்று. ஒருமனம் இல்லாத இடத்தில் அற்புதம் நடக்குமா? கூடப்பிறந்தவளே குறுக்கே விழுந்து கிடந்தால் பாவம் அவள் எப்படிப் பிழைப்பாள்?

தங்கையின் வீட்டுக்காரர் கண்ணாடி வெட்டுகிறவர். விரலெல்லாம் பழைய கீறல். அதிர்ந்து பேசாத மனிதர். அவர்தான் அன்று அக்காவைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போய், தரையைப் பார்த்தபடி சொன்னார்: “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு மேல வராதீங்க. அவ பிழைக்கட்டும்.”

அவள் தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கினாள். யார் வீட்டுப் படியிலோ இறங்குவதுபோல் இருந்தது. அவள் துவைத்த விரிப்பு மேலே போய் வந்துகொண்டிருந்தது, அவள் போகவில்லை.

மடிப்புக்காரிக்குப் பொறுக்கவில்லை. “ஏன்க்கா, ஒரு பொய் சொன்னா உன் கிரீடம் கழண்டு விழுந்துருமா? சாகக் கிடக்கிறவளுக்கு ஆறுதலா ரெண்டு வார்த்தை. எனக்கு உன் சாமியே இல்லை, நானே சொல்லுவேனே!”

இவள் விரிப்பின் முனையைப் பிடித்தபடி நின்றாள். கிண்டலுக்குப் பதில் சொல்லலாம், கரிசனத்துக்குச் சொல்வதுதான் கஷ்டம். “பொய் சொல்லாதவளா நான்? தலைவலின்னு சொல்லி எத்தனை தடவை லீவு போட்டிருக்கேன். ஆனா அவர் பேரைப் போட்டுச் சொல்ல முடியலைடி. அவர் ஒருதடவை பேசினார். ரெண்டே எழுத்து. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எப்படி...” விரிப்பை இழுத்து நேராக்கினாள். “எனக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான். அதையும் கள்ள நோட்டாக்கிட்டா அப்புறம் நான் எதை வெச்சுப் பிழைக்கிறது?”

“என்னமோ போ” என்றாள் மடிப்புக்காரி. அன்று அவள் வேறு கிண்டல் செய்யவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் கண்ணாடிக்காரர் சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டார். ஆவியில் அவருடைய மூக்குக்கண்ணாடி மூடிக்கொண்டது. துடைக்கத் துடைக்க மூடியது. துடைப்பதை விட்டுவிட்டு, கண் தெரியாதவர்போல அப்படியே நின்று பேசினார்.

“அவ தூங்க மாட்டேங்கிறாக்கா. கண்ணை மூடவே மாட்டேங்கிறா. யார் வந்து கர்த்தர் சொன்னார்னு சொன்னாலும் ஒரே கேள்வி. ‘எங்க அக்காவுக்குச் சொன்னாரா?’ போதகர்கிட்டயே கேட்டுட்டா.”

ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் மடிப்புக்காரி அதை நிறுத்தினாள்.

“ஒரே ஒரு தடவை சொல்லிடுங்கக்கா. நீங்க சொன்னா நம்புவா. உங்க வாயிலிருந்து வந்தா மட்டும்தான் நம்புவா.” கீறல் விழுந்த கைகளைக் கூப்பினார். “உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.”

விதியைப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் ‘சொல்லலை’ என்கிற இந்த ஒரு சொல்லுக்காகச் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். இப்போது அந்தச் சொல்லால்தான் அவள் வாய்க்கு ஒரு மதிப்பு. அந்த மதிப்பை ஒரே பொய்யில் செலவழித்துவிடு என்று கேட்கிறார்கள். கேட்கிறவரும் கெட்டவர் இல்லை.

துவைத்த விரிப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். முட்டி ஒவ்வொரு படிக்கும் கத்தியது. சொல்லிவிடுவது என்றே அவள் முடிவு செய்திருந்தாள். இதை மறைத்துப் பிரயோசனமில்லை. ‘சொன்னார்டி’ என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். சுலபமாகத்தான் வந்தது. திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். “இப்பவாவது வாயைத் திறவும். எனக்கு வேண்டாம். அவளுக்காக. நீர் சொன்னா நான் பொய் சொல்ல வேண்டியதில்லையே” என்று கெஞ்சினாள். கீழே சமையல்கூடத்தில் பாத்திரம் விழுந்த சத்தம்தான் கேட்டது. “சரி, அப்படியே இரும்” என்றாள் கோபத்தோடு. மீதிப் படிகளை ஏறினாள்.

கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. தங்கை பாதியாகியிருந்தாள், வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. போதகர் கால்மாட்டில் நின்றார். அக்காவைக் கண்டதும் தங்கை, “எல்லாரும் வெளியில நில்லுங்க. எங்கக்கா பெட்ஷீட் மாத்தட்டும்” என்றாள். நாக்கு மட்டும் மெலியவில்லை. போதகரும் வீட்டுக்காரரும் திரைக்கு வெளியே போனார்கள். திரை துணிதானே, சத்தத்தை அது என்ன மறைக்கும்?

படுத்திருப்பவரை எழுப்பாமல் விரிப்பு மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆளை ஒருபக்கமாக ஒருக்களித்து, பழையதை முதுகுவரை சுருட்டி, காலியான பாதியில் புதியதை விரித்து, மறுபக்கம் திருப்ப வேண்டும். அக்கா தங்கையை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். தோளெலும்பு கையில் இடித்தது. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்து உதைத்துக்கொண்ட முதுகு.

சுவரைப் பார்த்தபடியே தங்கை கேட்டாள். “அக்கா. உனக்குச் சொன்னாரா?”

அக்காவின் கை நின்றது. ‘சொன்னார்டி’ என்பது நுனிநாக்கில் தயாராக இருந்தது. அந்த மெலிந்த முதுகைப் பார்த்தாள். அதனிடம் அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

“சொல்லலைடி.”

தங்கையின் முதுகு குலுங்கத் தொடங்கியது. கெடுத்தேனே குடியை என்று அக்கா அவள் மேல் குனிந்தாள். எட்டிப் பார்த்தால் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும். நான் வெச்ச பேராச்சே, பொய்யாகுமா?”

அக்காவுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்த்து. தங்கை சிரித்து ஓய்ந்து, மூச்சுக்குத் திணறி, பிறகு சின்னக் குரலில் கேட்டாள்.

“அப்ப நான் பயப்படலாமாக்கா?”

“என்னடி?”

“பயமா இருக்குக்கா. ரொம்ப பயமா இருக்கு. யாருமே பயப்பட விடமாட்டேங்கிறாங்க. பாப்பாவைப் பத்திப் பேச வாயைத் திறந்தா, நீயே தூக்கப்போறே, அப்படிப் பேசாதேங்கிறாங்க. கண்ணை மூடினா அப்படியே போயிருவேனோன்னு மூடாமலேயே கிடக்கேன். அதைச் சொன்னா நம்பிக்கையில்லாதவங்கிறாங்க.”

“பயப்படுடி” என்றாள் அக்கா. “நல்லா பயப்படு. நான் இங்கதான இருக்கேன்.”

தங்கை அழுதாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அழாத அழுகையையெல்லாம் அந்தப் பூப்போன்ற விரிப்பில் அழுது தீர்த்தாள். அக்கா பாதி விரித்த விரிப்பை அப்படியே விட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, ரோலர் நின்றுகிடப்பது ஞாபகம் வந்து எழுந்திருக்கப் பார்த்தாள். தங்கை கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“போகாதே. இரு.”

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதே சொல். குரல் வேறு. சலவைத்தொட்டியில் கேட்டது இதற்காகத்தானா, இத்தனை வருஷம் கழித்து இந்தக் கட்டிலில் வந்து உட்காரத்தான் அன்று பிழைக்க வைத்தாரா என்று அவளுக்குள் ஒன்று கேட்டது. அப்படித்தான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை அவர் கணக்கில் எழுதும் வழக்கம் அவளுக்கு இல்லை.

அன்று சாயங்காலம்வரை தங்கை பேசினாள். தன் தையல் மெஷினை யாருக்கும் கொடுக்கக் கூடாது, பொறக்கப்போகிற பிள்ளைக்கு முதல் சட்டையை அதிலேதான் தைக்க வேண்டும் என்றாள். வீட்டுக்காரருக்கு இருட்டில் தனியாகப் படுக்கப் பயம், அதை வெளியே சொல்லமாட்டார், ஒரு விளக்கை எரியவிடச் சொல்லு என்றாள். திரைக்கு வெளியே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பேசி முடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். தூங்கினாள். அக்கா அந்தக் கட்டிலைவிட்டு நகரவில்லை. யாரும் அவளை நகரச் சொல்லவுமில்லை. சில நாட்கள் கழித்து, ஒரு காலைப்பொழுதில், தங்கையின் கை அக்காவின் கைக்குள் இருந்தபடியே குளிர்ந்துபோயிற்று.

அடக்கம் முடிந்து வரும்போது சபையார் பேசிக்கொண்டது அவள் காதில் விழத்தான் செய்தது. “சொல்லலை சொல்லலைன்னு சொல்லியே அனுப்பி வெச்சுட்டாளே.” சாகமாட்டாள் என்று சொன்னவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உலகம் எப்போதும் அப்படித்தான், நுகத்தை உடைத்தவனுக்குத்தான் கைதட்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவோரமாக நடந்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

நானாக இருந்தால் அந்த டயர் கடைப் படியை மறுபடி மிதித்திருக்கமாட்டேன். அவள் அடுத்த வாரமே போனாள். ஏன் போகிறாய் என்று மடிப்புக்காரி சண்டைக்கே வந்தாள். “வேற எங்க போறது? அவர் பேசினா அங்கயும் பேசலாமே” என்றாள். நம்பிக்கை பொங்கிச் சொன்னதல்ல. அசதியோடு சொன்னதுதான். கடைசி வரிசையில், பக்கத்து நாற்காலி காலியாக இருக்க, உட்கார்ந்தாள்.

கூட்டம் முடியும் நேரத்தில் போதகர் மைக்கோடு வந்தார். அவர் குரல் பழையபடி இல்லை. என்றாலும் வழக்கத்தை விடமுடியுமா? ஒருவருக்குக் கர்த்தர் சமாதானம் என்று சொல்லியிருந்தார், இன்னொருவருக்குப் புது வாசல் என்று சொல்லியிருந்தார். மைக் கண்ணாடிக்காரரிடம் வந்தது. கூடம் அடங்கிற்று. பெண்சாதியைப் பறிகொடுத்தவனுக்குக் கர்த்தர் என்ன ஆறுதல் சொன்னார் என்று கேட்க எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அவர் எழுந்து நின்றார். கீறல் விழுந்த விரல்கள் மைக்கைச் சுற்றி இறுகின. கடைசியில், “எனக்கு... ஒண்ணும் சொல்லலைங்க” என்றார்.

அந்த வாக்கியத்துக்குச் சிரித்துப் பழகிய யாரோ ஒருவர் சிரித்துவிட்டு, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். போதகர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மின்விசிறி மட்டும் தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல், “ஆமென்” என்றது.